கருவங்குளம் கல்லில் இல்லாத பெயர்

செய்தி வந்தபோது நான் முகம் மழித்துக்கொண்டிருந்தேன். ஒரு கன்னம் முடிந்திருந்தது, மறு கன்னத்தில் சோப்பு. போனில் மாலதியின் பெயரைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. டாலிகஞ்சில் சண்முகத்தாய் அக்கா நடத்திய மெஸ்ஸில் பல வருடங்களாகச் சமைக்கிற வங்காளிப் பெண் அவர். சும்மா எனக்குப் போன் செய்கிறவர் அல்ல. "தாதா, தீதி சலி கயி" என்றார். அக்கா போய்விட்டார். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட ஆள் வேண்டுமாம், சீக்கிரம் வாருங்கள் என்று இந்தியிலேயே சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 'போச்சு, பெயரைச் சொல்லாமலே போய்விட்டார்' என்பதுதான் முதலில் மனதில் ஓடியது. அது அவருடைய தங்கையின் பெயர். அந்தப் பெயர் எங்கள் ஊரில் ஒரு பிரசவ அறையின் வாசலில் கல்லில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அக்கா பாதி ஆயுளைச் செலவழித்தார். அது அங்கே இல்லை. இல்லாமல் போனதற்குக் காரணம் நான்.

போர்ட் பிளேரில் இருக்கும் கருவங்குளம் ஊர்மக்கள் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் ஆண்டு மலருக்கு இந்த அஞ்சலியை எழுதுகிறேன். தலைவர் மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறார். 'தியாகச் சுடர்' என்று தலைப்பு வைக்கச் சொன்னார். அக்கா உயிரோடு இருந்து அதைப் படித்திருந்தால் இட்லித் தட்டை எங்கள் தலையில் கவிழ்த்திருப்பார். அதனால் வைக்கவில்லை. அவரை அறிந்தவர்கள் நான் எழுதுவதில் பொய் இருந்தால் சொல்லலாம். அறியாதவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

கருவங்குளம் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. வெயில் காலத்தில் தண்ணீர் கிடையாது, மழைக் காலத்தில் பாதை கிடையாது. அந்த ஊரில் ஒரு வீட்டில் அக்காவும் தங்கையும் என்று இரண்டே பிள்ளைகள். தங்கையை ஊரே 'பாப்பா' என்றுதான் அழைத்தது. ஆடு மேய்க்கப் போனவள், பள்ளிக்கூடத்தின் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பதினேழு வயதில் அவளுக்குப் பிரசவ வலி கண்டு இரண்டு நாளாகியும் பிள்ளை இறங்கவில்லை. மாட்டுவண்டியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனார்கள். அக்காவின் மடியில் தலை. வழியில் ஓடைச் சேற்றில் சக்கரம் இறங்கிவிட்டது. இந்தக் கதையை அக்கா என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். "சக்கரத்தத் தூக்கிட்டாங்க தம்பி. ஆனா வண்டியத் திருப்பித்தான் ஓட்டுனாங்க" என்றார். பிறகு எழுந்துபோய் அடுப்பைத் தணித்தார்.

மறு வருடமே போர்ட் பிளேரில் கொத்தனார் வேலை பார்த்த ஒருவருக்கு அவரைக் கட்டிக்கொடுத்தார்கள். கப்பலேறி வந்தார். பத்து வருடம் குடும்பம் நடத்தினார்கள், பிள்ளை இல்லை. பெரார்கஞ்சில் ஒரு வீட்டுச் சாரத்திலிருந்து விழுந்து கணவர் இறந்தார். ஊருக்குத் திரும்பிப் போகச் சொன்னார்களாம். இவர் டாலிகஞ்சில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து மெஸ் தொடங்கினார். அங்கே சாப்பிடாத அரசாங்க ஊழியரோ கான்ட்ராக்டரோ அந்தக் காலத்தில் இருந்திருக்க முடியாது. "ஔர் சாம்பார் சாஹியே க்யா", இன்னும் சாம்பார் வேண்டுமா என்று ராமநாதபுரத்து இழுப்போடு அவர் இந்தியில் கேட்டால் அது மிரட்டல் மாதிரி இருக்கும். வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் தைரியம் வராது.

நம் சங்கம் பிழைத்துக் கிடப்பதே அவரால்தான். நாங்கள் ஆண்டுக்கொரு முறை கூட்டம் போட்டு, பிரியாணி தின்று, கலைந்து போகிறவர்கள். நன்கொடை வாங்குவதற்கு அக்காவிடம் தனி வழி இருந்தது. சென்னைக் கப்பல் வருகிற நாளில் ஹாடோ ஜெட்டிக்குப் போய் வாசலில் நிற்பார். ஊருக்குப் போகிறவர்களிடம் ஒருபோதும் கேட்க மாட்டார், ஊரிலிருந்து வந்து இறங்குகிறவர்களிடம்தான் கேட்பார். ஏன் என்று ஒரு முறை கேட்டேன். "போறவன் கணக்குப் போட்டுக்கிட்டே இருப்பான். எறங்குறவனுக்கு ஊர்ல அப்பனையும் ஆத்தாளையும் விட்டுட்டு வந்தது நெஞ்சுல ஈரமா இருக்கும். அது மூணு நாளைக்குத்தான். பெறகு ஜங்லிகாட் போயி மீன் வாங்க ஆரம்பிச்சிட்டான்னா ஊராவது ஒண்ணாவது" என்றார். மூட்டையும் குழந்தையுமாகக் கப்பலில் குலுங்கி வந்தவர்கள் அவரைக் கண்டதும் ஓடப் பார்ப்பார்கள். அந்த வாசலைத் தவிர வேறு வாசல் இல்லை.

ஊர்க்காரர்கள் ஒரு பங்கு போட்டால் அரசாங்கம் இரண்டு பங்கு போட்டு ஊருக்கு வேண்டியதைக் கட்டித் தருகிற திட்டம் ஒன்று இருக்கிறது. முதலில் அதில் தண்ணீர்த் தொட்டிக்குப் பணம் கட்டினோம். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அந்த ஊராட்சியில் குடும்ப அட்டை உள்ளவராக இருக்க வேண்டும் என்பது விதி. எங்களில் யாருக்கு அங்கே அட்டை? ஊரில் இருந்த ஒரு பெரிய மனிதரைக் கையெழுத்துப் போடச் சொன்னோம். போட்டார். தொட்டியும் வந்தது, அவருடைய தென்னந்தோப்புக்குப் பின்னால். அக்கா ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கூட்டத்தில் எழுந்து, தென்னைமரங்கள் எல்லாம் சௌக்கியமாக இருப்பதாகவும் சங்கத்தை விசாரித்ததாகவும் சொன்னார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அடுத்து பிரசவ அறை என்றார் அக்கா. ஊரில் துணை சுகாதார நிலையம் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. நர்ஸ் வருவார், ஊசி போடுவார், போவார். அதை ஒட்டி ஒரு பிரசவ அறையும், கூட வருகிறவர்கள் உட்கார ஒரு கூடமும் வேண்டும். இந்த முறை கையெழுத்துப் போடுகிறவர் நம் ஆளாக இருக்க வேண்டும், அறை எங்கே வருகிறது என்று கிட்ட நின்று பார்க்க வேண்டும் என்றார். சரிதான். ஆனால் அதற்கு நம்மில் ஒருவர் இங்குள்ள ரேஷன் கார்டை ஒப்படைத்து, அந்தச் சான்றோடு போய், கருவங்குளத்தில் அட்டை வாங்க வேண்டும். இங்கே கார்டு போனால் ஐலேண்டர் கார்டும் போய்விடும். தீவில் இருக்கிறவர்களுக்கு அது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மெயின்லேண்ட் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கப்பலில் குறைந்த கட்டணமும் முன்னுரிமை இடமும் அதை வைத்துத்தான். பிள்ளைகளுக்கு மெயின்லேண்ட் கல்லூரிகளில் கிடைக்கும் இடஒதுக்கீடும் தீவுக்காரன் என்ற அந்த உரிமையில் வருவதுதான். அதைக் கொடுக்கிறவன் தன் காலைத் தானே வெட்டிக்கொள்கிறான்.

பத்துபஸ்தியில் என் வீட்டு மொட்டை மாடியில் அந்தக் கூட்டம் நடந்தது. பதினான்கு ஆண்கள், அக்கா ஒருவர். யார் கொடுப்பது என்றதும் எல்லோரும் விமானம் இறங்குவதை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் போல வானத்தைப் பார்த்தோம். என் மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. அவள் மருத்துவம் படிக்க வேண்டும் என்பது என் கனவு. நான்தான் வாயைத் திறந்தேன். "அக்கா, உங்களுக்குத்தான் பிள்ளை குட்டி இல்லையே" என்றேன்.

என்னைப் பார்த்தார். "ஆமா தம்பி, இல்ல" என்றார். மறுநாளே ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்விட்டார். என் மகள் இப்போது மெயின்லேண்டில் மருத்துவம் படிக்கிறாள்.

ஊரில் அவருடைய அப்பாவின் வீடு சுவர் மட்டும்தான் நின்றது. அதன்மேல் தார்ப்பாய் கட்டிக்கொண்டு ஏழு மாதம் இருந்தார். அந்தமானில் திருடிவிட்டு ஓடி வந்துவிட்டாள் என்று பேசினார்களாம். புருஷனைத் தின்றவள் பிரசவ அறை கட்ட வந்திருக்கிறாள், விளங்குமா என்று முகத்துக்கு நேராகவே ஒரு கிழவி கேட்டாளாம். இதையெல்லாம் அக்கா திரும்பி வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். அட்டை வாங்கினார், கையெழுத்துப் போட்டார், அஸ்திவாரம் போடும்வரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பூமியில் நூல் கட்டும்போது ஊர்ப் பெரிய மனிதர் தன் நிலத்துப் பக்கம் இரண்டடி தள்ளச் சொன்னாராம். அக்கா நூலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

போர்ட் பிளேருக்குத் திரும்பிய அன்று ஜெட்டியில் அவரை அழைத்துவரப் போயிருந்தேன். அப்போது நான் கப்பல் டிக்கெட் அலுவலகத்தில் கவுன்ட்டர் கிளார்க். என் சட்டைப்பையில் இருந்த டிக்கெட் விண்ணப்பத் தாள் ஒன்றை உருவி, பெட்டியின்மேல் வைத்து, அதன் முதுகில் ஒரு வரி எழுதினார். பேனாவை அழுத்தி எழுதுவார், தாள் சில இடங்களில் ஓட்டை விழுந்துவிட்டது. இன்னார் நினைவாக, அவள் அக்கா. அவ்வளவுதான் அந்த வரி. "கல்லுல எத வேணும்னாலும் வெட்டிக்க தம்பி. கடேசில இத மட்டும் போட்டுரு. எங்கய்யா கோயில்ல வச்ச பேரு. ஒரு தடவகூட அந்தப் பேரச் சொல்லி அவள யாரும் கூப்பிட்டதில்ல. கல்லுலயாச்சும் இருக்கட்டும்."

படித்தேன். மடித்துப் பையில் வைத்தேன்.

கட்டடம் முடிகிற சமயத்தில் கல்வெட்டு வாசகத்தை முடிவு செய்ய நான் ஊருக்குப் போனேன். கல்லின் அளவு ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அரசாங்கத் தரப்புப் பெயர்கள் போக மூன்று வரிதான் இடம். சங்கத்தின் பெயர் ஒரு வரி, தலைவர் பெயர் ஒரு வரி. மூன்றாவது வரியில் செயலாளர் பெயர் அல்லது அக்கா கொடுத்த வரி. இரண்டில் ஒன்றுதான் வரும் என்றார் வாசகம் எழுதிய அரசாங்க ஊழியர். நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். அவரிடம் கொடுத்திருந்த அக்காவின் தாளைத் திரும்ப வாங்கி அந்த வரியின்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். கீழே 'கு. வேலுச்சாமி, பி.ஏ., செயலாளர்' என்று எழுதினேன். தாளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அக்காவிடம், இறந்தவர்கள் பெயர் போடக்கூடாது என்று சர்க்கார் ரூல் என்றேன். "சர்க்கார்னா அப்படித்தான்" என்றார். நம்பிவிட்டார்.

திறப்பு விழாவுக்கு அவர் வரக்கூடாது. வந்தால் கல்லைப் பார்ப்பார். எனக்கு அந்தக் கவலை ஒன்றுதான். பத்து நாள் இருக்கும்போது அழைப்பு வந்தது. அக்கா காலையிலிருந்து வரிசையில் நின்று என் கவுன்ட்டருக்கே வந்தார். ஐலேண்டர் கார்டு இல்லை, பொது ஒதுக்கீடு முடிந்துவிட்டது. அவசரத்துக்கென்று சில இடங்கள் இருக்கத்தான் செய்யும். உள்ளே போய் அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "நீ சொன்னாக் குடுக்க மாட்டாங்களா தம்பி?" என்று கேட்டார். ரூல் அக்கா என்றேன். அவருக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து அடுத்தது என்றேன். விமானத்தில் அனுப்பலாம், எல்லோரும் சேர்ந்து டிக்கெட் போடலாம் என்று சங்கத்தில் ஒருவர் சொன்னார். அக்காவுக்கு உடம்பு சரியில்லையாம் என்று சொல்லி அதையும் நானே அடக்கினேன். அவர் கார்டைக் கொடுத்துக் கட்டிய அறையைத் திறக்க, நான் என் கார்டைக் காட்டிக் கப்பலேறினேன். மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

கல்லின் படம் சங்கத்து வாட்ஸாப்பில் அன்றைக்கே வந்துவிட்டது. எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள். திரும்பி வந்ததும் எப்போதும்போல மெஸ்ஸுக்குப் போனேன். இலை போட்டார், இட்லி வைத்தார், சாம்பார் ஊற்றினார். "கல்லு நல்லா வந்திருக்கு. செத்தவங்க பேரு போடக்கூடாதுன்னு ரூல்னா, நீங்க நல்லா இருக்கணும் செயலாளர்" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தம்பி என்ற அழைப்பும் போயிற்று, நீ என்பதும் போயிற்று. இருபது வருடமாக என்னிடம் சாப்பாட்டுக்குக் காசு வாங்காதவர், மேசைமேல் கையை நீட்டிக் காத்திருந்தார். கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன் என்று இப்போது எழுதுவது சுலபம்.

ஜெட்டியில் நிற்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. அறைக்குக் கட்டில் வேண்டும், வெந்நீருக்கு ஏற்பாடு வேண்டும் என்று கப்பலுக்குக் கப்பல் நின்றார். அந்த அறையில் பிறந்த பிள்ளைகளின் படங்களை ஊர் நர்ஸ் அனுப்புவார். அவற்றைப் பார்த்துவிட்டு மாலதியிடம் போனைக் கொடுப்பார். எங்களிடம் காட்ட மாட்டார்.

சென்ற மாதம் மெஸ்ஸில் மயங்கி விழுந்தார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் கார்டைப் பார்த்துவிட்டு மெயின்லேண்ட் என்று எழுதினார். எத்தனை நாளைக்கு வந்திருக்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். நாற்பத்தாறு வருடம் இந்த மண்ணில் இருந்த அக்கா, "பஸ், தோ சார் தின்" என்றார். இரண்டு நாலு நாள்தான். மாலதி அழுதுவிட்டார். அக்கா ஒன்பது நாள் இருந்தார்.

நான் தினமும் போனேன். போன் செய்யக்கூடிய இடத்துக்கெல்லாம் செய்தும் பார்த்துவிட்டேன். ஊரில் பாப்பா என்று சொன்னால் வயதானவர்கள் இருவர் தலையாட்டுகிறார்கள், பெயர் தெரியாது என்கிறார்கள். அவளைக் கட்டியவர் எப்போதோ இறந்துவிட்டார். வழியில் இறந்தவளுக்கு யார் இறப்புச் சான்று வாங்கினார்கள்? வாசகம் எழுதியவர் மாற்றலாகி எங்கோ போய்விட்டார், தாள் குப்பைக்குப் போய்விட்டது. அந்தப் பெயரைப் படித்தவர்களில் மிஞ்சியவன் நான் ஒருவன். மண்டையை எவ்வளவு உடைத்துக்கொண்டாலும் அந்த ஓட்டை விழுந்த தாள்தான் நினைவுக்கு வருகிறது, பெயர் வருவதில்லை. என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று எழுதியது மட்டும் புள்ளி பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

ஏழாம் நாள் கேட்டுவிட்டேன். பாப்பாவின் பெயர் என்ன அக்கா, புதுக் கல் வைத்துவிடலாம், என் பெயரை எடுத்துவிடலாம் என்றேன்.

"எழுதிக் குடுத்தேனே தம்பி."

மூன்று வருடத்துக்குப் பிறகு தம்பி என்றார். அது தொலைந்துவிட்டது அக்கா என்றேன்.

"தொலஞ்சுச்சா, அடிச்சியா?"

"அடிச்சேங்க்கா."

கண்ணை மூடிக்கொண்டார். கோபமே இல்லாத குரலில் சொன்னார். "அவ செத்ததுக்கு நான் அழுதேன் தம்பி. பேரு செத்ததுக்கு நீ அழு."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாளும் கேட்டேன். தண்ணீர் மட்டும் கேட்டார்.

தகனத்துக்கு நம் சங்கத்தார் எல்லோரும் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தோம். கொள்ளி வைப்பது யார் என்ற பேச்சு வந்தபோது மறுபடியும் எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். மாலதியின் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார். மந்திரம் அவருக்குத் தெரிந்த வங்காள மொழியில் நடந்தது. பதிவேட்டில் நிரந்தர முகவரி கருவங்குளம் என்று எழுதினார்கள். அந்த ஊரிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

அன்று சாயங்காலமே ராமநாதபுரத்தில் பழைய கல்லை வெட்டியவருக்கே பணம் அனுப்பினேன். சங்கத்தைக் கேட்கவில்லை, கேட்கவும் போவதில்லை. தலைவர் இதைப் படித்துவிட்டு மலரிலிருந்து எடுக்கச் சொன்னால் நான் அச்சகத்துக்கு நேராகவே கொடுப்பேன். நேற்று கல்லுக்காரர் போன் செய்தார். நான் அனுப்பிய வாசகத்தில் 'நினைவாக, அவள் அக்கா' என்றுதான் இருக்கிறது, முன்னால் பெயர் விட்டுப்போயிற்றே என்றார். விட்டுப்போகவில்லை, அந்த இடம் காலியாகவே இருக்கட்டும் என்றேன்.

"அதெப்படி சார்? பாக்குறவன் கல்லு வெட்டுனவன் தப்புன்னுல்ல சொல்லுவான்."

நியாயம்தானே. அப்படியானால் கீழே இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். 'பெயரை அடித்தவர் கு. வேலுச்சாமி.' அவர் எழுதிக்கொண்டார். கொஞ்சம் தயங்கிவிட்டு, பழைய கல்லில் பி.ஏ. இருக்கிறதே, இதிலும் போடட்டுமா சார் என்று கேட்டார்.

போடுங்கள் என்றேன்.

அக்கா, புதன்கிழமை கப்பல் வருகிறது. ஜெட்டி வாசலில் போய் நிற்கிறேன். எனக்கு யாரும் பயப்பட மாட்டார்கள், இருந்தாலும் நிற்கிறேன். நீங்கள் போய் வாருங்கள். அங்கே பாப்பாவைப் பார்த்தால் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.